பியூரெட்டா, கேஜா, கையேடா? பழைய புல்லட்டின் கம்ப்ரஷன் விகிதத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது வளைவிலேயே என் புல்லட் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் நிற்கும், திருகினால் திரும்ப வரும். நாக்கிங், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை கட்டுக்கடங்காமல் தானாக வெடிக்கிற சத்தம். ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி), 1 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கிய பிறகு முதல் மலை ஏற்றம் அது.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக் அண்ணன் கிக்கரை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, கம்ப்ரஷன் ஏறிப்போச்சு" என்றார்.

"எவ்வளவுண்ணே?"

"நல்லாவே ஏறிப்போச்சு."

எனக்கு ஒரு எண் வேண்டும். எண் தெரிந்தால்தான் பேரலுக்கு (சிலிண்டருக்கு) அடியில் தகடு வைப்பதா, பிஸ்டனை மாற்றுவதா, பிளக் பொறி விடும் டைமிங்கை மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதுமா என்று முடிவெடுக்க முடியும். அந்த எண்ணைத் தேடி நான்கு வழிகளிலும் போய்ப் பார்த்தேன். ஒரே இன்ஜினுக்கு நான்கும் நான்கு விதமாகப் பதில் சொல்லின. எதை எப்போது நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது தள்ளுகிற கொள்ளளவு ஒன்று. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் அதற்கு மேலே மிச்சமிருக்கிற இடம் இன்னொன்று. இரண்டையும் கூட்டி, மிச்ச இடத்தால் வகுத்தால் கம்ப்ரஷன் விகிதம். கூட்டாமல் முதலாவதை இரண்டாவதால் வகுத்துவிட்டு விடை வந்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் விடையில் சரியாக 1 குறையும். 8.1 இருக்க வேண்டிய இடத்தில் 7.1 வரும், நீங்களும் நிம்மதியாக ஏற்காடு கிளம்பிவிடுவீர்கள்.

தள்ளும் கொள்ளளவு சுலபம். போர் (சிலிண்டர் துளை) விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.7854 ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) நீளத்தாலும் பெருக்க வேண்டும். காஸ்ட் அயர்ன் (இரும்புப் பேரல் கொண்ட பழைய) புல்லட் 350க்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; ஆக 346.4 சிசி. 1 மி.மீ. ஓவர்சைஸ் போட்ட என் வண்டிக்கு போர் 71, ஆக 356.3 சிசி. ரீபோர் செய்வதால் ஸ்ட்ரோக் மாறாது, அது க்ரேங்க்கின் சமாச்சாரம். இந்த எண்ணில் பெரிய தவறு வர வழியில்லை. தகராறு எல்லாம் மேலே மிச்சமிருக்கிற அந்தச் சின்ன இடத்தில்தான்.

கையேட்டை நம்பிக் கணக்கிடுவது

இதற்குச் செலவு எதுவும் இல்லை. என் வண்டியின் கையேடு 7.25:1 என்கிறது. 346.4ஐ 6.25 ஆல் வகுத்தால் தொழிற்சாலையில் விட்ட மிச்ச இடம் 55.4 சிசி என்று வரும். இப்போது போர் பெரிதாகிவிட்டது, ஹெட் (பேரலின் மேல் மூடி) அதேதான் என்று வைத்துக்கொண்டால் 356.3ஐ 55.4 ஆல் வகுத்து 1 கூட்ட வேண்டும். 7.43. இணையத்தில் கிடைக்கிற கணிப்பான்களும் இதையேதான் செய்கின்றன. நாம் கொடுத்த எண்களைப் பெருக்கி வகுத்துத் தருகின்றன, அவ்வளவுதான்.

இந்த முறையில் "ஹெட் அதேதான்" என்ற இரண்டு வார்த்தைக்குள் எல்லா ஆபத்தும் இருக்கிறது. நாற்பது வருடம் ஓடிய வண்டியின் ஹெட்டை யார் யார் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்தார்கள் (அடிமுகத்தைச் சீவினார்கள்) என்று யாருக்குத் தெரியும்? எனக்கு முன்னால் இதற்கு மூன்று உரிமையாளர்கள். ஹெட்டுக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் ஒவ்வொரு முறை ஊதியபோதும் "லைட்டா ஒரு வெட்டு" போட்டிருப்பார்கள். 0.5 மி.மீ. வெட்டினால் இந்த அளவு போருக்கு 2 சிசி காணாமல் போகும். போதாததற்கு, கடையில் கிடைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன்களின் தலை ஒன்றுபோல் இருக்காது. ஒன்று லேசாகக் குவிந்திருக்கும், இன்னொன்று நன்றாகவே மேடாக இருக்கும். வண்டி உதிரிபாகங்கள் விற்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் பெட்டியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

கையேட்டுக் கணக்கு எங்கே போதும்? வண்டி புதிதிலிருந்தே உங்களிடம் இருக்கிறது, ஹெட்டை யாரும் தொட்டதில்லை, கம்பெனி பிஸ்டன்தான் போட்டீர்கள் என்றால் போதும். இன்னொரு உபயோகமும் உண்டு. இப்போதைய விகிதம் வேறு வழியில் தெரிந்த பிறகு, "பேக்கிங்கை மாற்றினால் என்ன ஆகும்" என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கேஜ் வைத்துப் பார்ப்பது

கம்ப்ரஷன் கேஜ் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் தொங்கும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு கிக் உதைத்தால் முள் ஏறி ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்ணை 14.5 ஆல் வகுத்தால் விகிதம் வந்துவிடும் என்று என்னிடம் அடித்துச் சொன்னவர்கள் இரண்டு பேர். இல்லை. வராது.

ஏன் வராது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். காற்றை மிக மெதுவாக அமுக்கி, சூடு முழுவதும் சுவர் வழியே வெளியேற விட்டால், 7.25 மடங்கு அமுக்கிய காற்றின் அழுத்தம் 7.25 மடங்குதான் ஏறும். கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்தை (சுமார் 14.5 பிஎஸ்ஐ) பூஜ்யமாக வைத்துக்கொள்வதால் அதில் ஏறத்தாழ 90 பிஎஸ்ஐ. அதே காற்றை சூடு துளியும் வெளியேறாதபடி சட்டென்று அமுக்கினால் அழுத்தம் 16 மடங்கு வரை ஏறும். கேஜில் ஏறத்தாழ 218. நிஜ இன்ஜின் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இப்போது 8.1:1 உள்ள இன்ஜினுக்கு இதே கணக்கைப் போடுங்கள்: 103 முதல் 257 வரை. கேஜ் 130 காட்டினால் அது 7.25ஆ 8.1ஆ என்று எப்படிச் சொல்வீர்கள்?

இத்தோடு முடியவில்லை. பிஸ்டன் மேலே வர ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அதுவரை காற்று அமுங்குவதில்லை, வந்த வழியே திரும்பிப் போகிறது. வால்வைத் திறந்து மூடும் கேம் மாறினால் இந்தக் கணக்கு மாறும். கேஜின் ரப்பர் குழாய்க்குள் இருக்கிற இடமும் மிச்ச இடத்தோடு சேர்ந்துகொள்ளும், சின்ன இன்ஜினில் அது பெரிய விஷயம். நீங்கள் எவ்வளவு வேகமாக உதைத்தீர்கள், இன்ஜின் சூடா குளிரா, பிஸ்டன் ரிங்கில் எண்ணெய் இருக்கிறதா, எல்லாமே முள்ளை ஆட்டும். ஏன், ஊரே ஆட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. சென்னையில் 120 காட்டிய கேஜ், அதே வண்டியில் ஊட்டியில் 91 சுமாருக்கு வந்து நிற்கும். இன்ஜினின் விகிதம் மேட்டுப்பாளையத்தில் இறங்கிக்கொண்டதா என்ன?

இன்னொரு பொறி. 2009 வாக்கில் வந்த யுசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) இன்ஜின் புல்லட், கிளாசிக் வண்டிகளில் கேமிலேயே தானியங்கி டிகம்ப்ரஷர் உண்டு. ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிவிடும், செல்ஃப் மோட்டார் சிரமப்படாமல் சுற்றுவதற்காக. நாம் கேஜ் வைப்பதும் அதே வேகத்தில்தான். ஆக, 8.5:1 உள்ள நல்ல இன்ஜின் நோயாளி மாதிரி எண் காட்டும். இதைப் பார்த்துவிட்டு ரிங் செட் மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பழைய காஸ்ட் அயர்ன் வண்டியில் ஹேண்டில்பாரில் உள்ள லிவரை அமுக்கினால்தான் டிகம்ப்ரஷர் வேலை செய்யும் என்பதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் கேபிள் இறுகி, வால்வு எப்போதும் மயிரிழை திறந்தே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சொல்வது இன்ஜினின் ஆரோக்கியத்தை. ஒரு ஸ்பூன் எண்ணெயை பிளக் துளை வழியே விட்டுத் திரும்ப உதையுங்கள்: முள் நன்றாக ஏறினால் ரிங்கில் கோளாறு, ஏறாவிட்டால் வால்விலோ பேக்கிங்கிலோ கோளாறு. இதற்கு இணையான சுலபப் பரிசோதனை கிடையாது. அதே கேஜ், அதே வண்டி, வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று ஒப்பிடவும் உதவும். விகிதத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

பிளக் துளை வழியே ஊற்றுவது

இன்ஜினைத் திறக்காமல் விகிதத்தை நேரடியாக அளக்கிற வழி இது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியே அளந்து எண்ணெய் ஊற்றி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பது. கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும்.

உச்சி என்றால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சி. எக்ஸாஸ்ட் முடிகிற உச்சியில் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும், ஊற்றுவதெல்லாம் சைலன்சருக்குப் போய்விடும். பிளக் துளை இன்ஜினின் மிக உயரமான இடமாக வரும்படி வண்டியைச் சாய்த்து முட்டுக் கொடுக்க வேண்டும். புல்லட்டில் பிளக் பக்கவாட்டில் இருப்பதால் இதற்கு இரண்டு பேர் வேண்டும், அதிலும் ஒருவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். உச்சியைக் கண்ணால் தீர்மானிக்காமல் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டும் கருவி) வைத்துப் பார்ப்பது நல்லது. க்ரேங்க் 5 டிகிரி தள்ளி நின்றால் பிஸ்டன் 0.2 மி.மீ. சுமாருக்குக் கீழே நிற்கும், 71 மி.மீ. போரில் அது மட்டுமே 0.8 சிசி.

ஊற்ற வெறும் கெரசின் கூடாது, ரிங் வழியே வழிந்துகொண்டே இருக்கும். கெரசினில் 2டி (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான) எண்ணெய் கலந்து கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டேன். பிளக் துளையின் விளிம்புவரை நிரப்பி, பிளக்கின் மரை அடைக்கிற இடத்தைக் கழிக்க வேண்டும். 14 மி.மீ. பிளக், குட்டை மரை என்றால் ஏறத்தாழ 1.7 சிசி, நீள மரை என்றால் 2.6 சுமார்.

மூன்று முறை செய்தேன். கழித்தது போக 51.9, 50.8, 53.0 சிசி. விகிதமாக்கினால் 7.87, 8.01, 7.72. ஏன் இப்படி? ரிங் வழியே ஒழுகினால் இடம் அதிகம்போலத் தெரிந்து விகிதம் குறையும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் இடம் குறைவுபோலத் தெரிந்து விகிதம் ஏறும். இரண்டு தவறும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன, எது எவ்வளவு என்று தெரியாது. ஆனாலும் பாருங்கள், கையேட்டுக் கணக்கு சொன்ன 7.43 சரியல்ல என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. மூன்று முறையும் அதற்கு மேல்தான்.

வேலை முடிந்ததும் ஒன்றை மறக்கவே கூடாது. உள்ளே எண்ணெய் இருக்கும்போது பிளக்கை மாட்டி உதைத்தால், திரவம் அமுங்காது. கனெக்டிங் ராட்தான் வளையும். பிளக்கைக் கழற்றி வைத்தபடியே பலமுறை உதைத்து எல்லாவற்றையும் வெளியே துப்பவிட்டு, துணியைப் பிடித்துத் துடைத்து, பிறகு இன்ஜின் ஆயிலையும் மாற்ற வேண்டும். கீழே இறங்கிய கெரசின் ஆயிலோடு கலந்திருக்கும்.

இதே வேலையைத் திரவம் இல்லாமல் செய்யும் கருவியும் உண்டு. அமெரிக்காவில் பந்தய வண்டிகளைச் சோதிக்கிறவர்கள் கேடெக் நிறுவனத்தின் 'விஸ்லர்' என்ற கருவியை பிளக் துளையில் வைப்பார்கள். வாயுவைச் செலுத்தினால் விசில் அடிக்கும். உள்ளே இடம் குறைந்தால் சுருதி ஏறும். காலிப் புட்டியில் ஊதினால் ஒரு சத்தம், முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி ஊதினால் இன்னொரு சத்தம், அதே தத்துவம்தான். நமக்கு அது தேவைப்படாது.

ஹெட்டைக் கழற்றி பியூரெட்டில் அளப்பது

கடைசியில் ஹெட்டைக் கழற்றினேன். உண்மையில் இதை ரீபோர் செய்தபோதே, எல்லாம் மேசையில் கிடந்தபோதே செய்திருக்க வேண்டும். அரை நாள் வேலைக்குச் சோம்பல்பட்டு, இப்போது ஒரு புது பேக்கிங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவு.

தேவையானவை: பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த அதே 50 மி.லி. பியூரெட், ஸ்டாண்டுடன். பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 0.1 மி.லி. கோடுகள் இருப்பதுதான் முக்கியம். ஹெட்டின் வாயை மூடும் அளவுக்கு 6 மி.மீ. அக்ரிலிக் தகடு, ஓரமாக ஒரு துளையுடன். கிரீஸ். வெர்னியர், டயல் கேஜ். பெட்ரோலும் தின்னரும் அக்ரிலிக்கில் விரிசல் விடச் செய்யும், பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

ஹெட்டில் வால்வுகளையும், நீங்கள் ஓட்டப்போகிற அதே பிளக்கையும் மாட்டுங்கள். வால்வு சீட்டில் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள், அப்பி வைத்தால் அதுவே ஒரு சிசியைத் தின்னும். ஹெட்டின் விளிம்பில் கிரீஸ் தடவித் தகட்டை அழுத்தி ஒட்டி, துளை மேலே வரும்படி ஹெட்டைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். காற்று அந்த வழியே வெளியேறிவிடும். தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை, ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. சோப்பு விட்டால் குமிழி ஒட்டிக்கொள்ளாது. 50 மி.லி. தீர்ந்ததும் குழாயை மூடி, திரும்ப நிரப்பித் தொடர வேண்டும். என் ஹெட் 52.0 சிசி பிடித்தது. மூன்று முறை செய்தேன். 51.9, 52.0, 52.0. முந்தைய முறையின் தள்ளாட்டத்துக்குப் பிறகு இந்த மூன்று எண்களைப் பார்க்க மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா!

அடுத்து பிஸ்டனின் தலைமேடு. பிஸ்டனின் ஓரம் பேரலின் மேல் விளிம்பிலிருந்து சரியாக 20 மி.மீ. கீழே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் கிரீஸ் தடவி இடுக்கை அடைத்து, தகட்டால் மூடி ஊற்ற வேண்டும். இங்கே தண்ணீர் வேண்டாம், இரும்புப் பேரல் துருப்பிடிக்கும். கெரசின் இப்போதெல்லாம் எளிதில் கிடைப்பதில்லை, டீசலும் ஆகும். தலை தட்டையாக இருந்தால் 79.2 சிசி பிடிக்க வேண்டும். பிடித்தது 71.3. ஆக மேடு 7.9 சிசி. அந்தக் கோலிக்குண்டுச் சத்தத்தில் பாதி இங்கேதான் இருந்தது.

மிச்சமெல்லாம் சில்லறை, ஆனால் விடக்கூடாத சில்லறை. பிஸ்டன் உச்சியில் பேரல் விளிம்புக்கு 0.4 மி.மீ. கீழே நின்றது: 1.6 சிசி. பேக்கிங்: அதன் துளை 73 மி.மீ., தடிமன் 1 மி.மீ.; 4.2 சிசி. இந்தத் தடிமனைப் புது பேக்கிங்கில் அளக்காதீர்கள். நசுங்கிய பழைய பேக்கிங்கில் ஸ்க்ரூ கேஜ் வைத்து நான்கு இடத்தில் பாருங்கள். முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றியுள்ள இடுக்கு: 0.3 சிசி.

கூட்டிக் கழித்தால்: 52.0, 4.2, 1.6, 0.3 நான்கையும் கூட்டி 7.9ஐக் கழிக்க, 50.2 சிசி. 356.3ஐ 50.2 ஆல் வகுத்து 1 கூட்ட, 8.1.

கையேட்டுக் கணக்கு 7.4 என்றது. பிளக் துளை 7.7 முதல் 8.0 வரை அலைந்தது. பியூரெட் 8.1 என்கிறது. இவை என் வண்டியின் எண்கள். உங்கள் ஹெட்டும் பிஸ்டனும் வேறு கதை சொல்லும்.

இன்ஜினின் அளவைப் பொறுத்து முடிவு மாறும்

புல்லட்டில் நான் 1 சிசி தவறாக அளந்தால் விகிதம் 0.14தான் தவறும். பெரிய போரின் சலுகை அது. இதே வேலையை ஒரு 100 சிசி வண்டியில் செய்தால்? 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக், 97.2 சிசி. விகிதம் 10:1 என்று வைத்துக்கொண்டால் மிச்ச இடம் வெறும் 10.8 சிசி. இரண்டு ஸ்பூன் இருமல் மருந்து. இதில் 1 சிசி கூடுதலாக அளந்தால் விகிதம் 9.2 என்று வரும், குறைவாக அளந்தால் 10.9. ஆகவே சின்ன வண்டிக்கு பிளக் துளை முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளக் மரையின் 2 சிசியே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் பியூரெட் வாங்க வேண்டியதில்லை. மருந்துக்கடையின் 10 மி.லி. ஊசியும், கடைசிச் சொட்டுகளுக்கு 1 மி.லி. இன்சுலின் ஊசியும் போதும். 60 மி.லி. பெரிய ஊசியின் கோடுகள் 1 மி.லி. இடைவெளியில் இருக்கும், அது உதவாது.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) மூடும்வரை அங்கே எதுவும் அமுங்குவதில்லை. அதனால் ஜப்பானிய நிறுவனங்கள் போர்ட் மூடியதிலிருந்து கணக்கிட்ட விகிதத்தைத் தருவது வழக்கம். ஐரோப்பிய வழக்கம் முழு ஸ்ட்ரோக்கையும் எடுத்துக்கொள்வது. 50க்கு 50 மி.மீ. இன்ஜின், மிச்ச இடம் 9 சிசி, போர்ட் மூடிய பிறகு பிஸ்டனுக்கு 28 மி.மீ. பாக்கி என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், முழுக் கணக்கில் 11.9, போர்ட் கணக்கில் 7.1. இரண்டும் ஒரே இன்ஜின். ஐரோப்பிய ஜாவா வழிவந்த யெஸ்டியின் எண்ணையும் ஜப்பானிய யமஹா ஆர்எக்ஸின் எண்ணையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் முதலில் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டீசல் வேறு உலகம். இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகங்களில் நிற்கும் கிர்லோஸ்கர் டிவி1ஐ நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 87.5 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 661 சிசி, 17.5:1. அவ்வளவு பெரிய இன்ஜினில் மிச்ச இடம் 40 சிசிதான். அங்கே பியூரெட்டைவிட ஈயக் கம்பிதான் பழக்கம்: பிஸ்டன் மேல் கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை அளப்பார்கள். விகிதம் நேராக வராது. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி கையேடு சொன்னபடி இருக்கிறதா என்று தெரியும். டீசலுக்கு அதுவே போதும்.

8.1ஐ வைத்துக்கொண்டு என்ன செய்தேன்

8.1 பயப்படும் எண்ணா? அதே 70க்கு 90 மி.மீ. அளவுள்ள யுசிஇ இன்ஜின் 8.5:1இல் சாதாரண பெட்ரோலில் ஓடுகிறது. இப்போதைய ஜே சீரிஸ் 349 சிசி இன்ஜின் 9.5:1. ஆனால் அவற்றில் அலுமினியப் பேரல், சூட்டை வேகமாக வெளியே தள்ளும், இக்னிஷனும் எலக்ட்ரானிக். என்னுடையது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இரும்புப் பேரல், பாயிண்ட் வைத்த இக்னிஷன். இந்த இன்ஜினின் வேர் 1950களுக்கு முந்தைய பிரிட்டனில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் அங்கே கிடைத்த மட்டமான பெட்ரோலுக்குப் பிறந்த தலைமுறை அது. சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) அதற்குத் தாராளம், ஆனால் 7.25க்கு வைத்த டைமிங்கோடு 8.1ஐ ஓட்டினால் மலையில் கத்தத்தான் செய்யும்.

முதலில் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, கூடவே இழுவையும் குறைந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிரீமியம் பெட்ரோல் போட்டால் சத்தம் நிற்கும்தான், ஆனால் திருப்பத்தூர் தாண்டி ஏதோ ஒரு கிராமத்து பங்க்கில் அது கிடைக்க வேண்டுமே. பிஸ்டனை மாற்றலாம், புது பிஸ்டனுக்குத் திரும்ப லேத், திரும்ப 500 கிலோமீட்டர் பழக்கம். ஹெட்டை நான் கொடுத்த லேத்காரர் "வெட்டினதை ஒட்டவா முடியும்" என்று சிரித்தார். அதுவும் சரிதான்.

மிச்சமிருந்த வழி, பேரலுக்கு அடியில் தகடு. இங்கேதான் பியூரெட் எண்ணுக்கு மதிப்பு. 7.5:1 வேண்டும் என்றால் மிச்ச இடம் 54.8 சிசி ஆக வேண்டும், இப்போது 50.2, வித்தியாசம் 4.6. அதை 71 மி.மீ. போரின் பரப்பான 39.6 சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் 0.116 செ.மீ., அதாவது 1.2 மி.மீ. தகடு. கையேட்டின் 7.43ஐ நம்பியிருந்தால் தகடே வேண்டாம் என்று இருந்திருப்பேன். பிளக் துளையின் 7.72ஐ நம்பியிருந்தால் அரை மி.மீ. தகடு வைத்து, விகிதம் 7.8 சுமாரில் நின்றிருக்கும். அடுத்த ஏற்றத்தில் திரும்பக் கோலிக்குண்டு.

அலுமினியத் தகட்டில் பேரல் அடிப்பாகத்தின் வடிவத்தை வெட்டி, இரண்டு பக்கமும் பேஸ் பேக்கிங் வைத்து மாட்டினேன். பேரல் உயர்ந்ததால் புஷ் ராடு தளர்ந்துவிடும். இந்த இன்ஜினில் அடியிலேயே அட்ஜஸ்டர் இருப்பதால் அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். டைமிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மாட்டும் முன் பிஸ்டன் உச்சியில் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜில் மறுபடி பார்த்தேன். முன்பு 0.4, இப்போது 1.6. இரண்டு வாரம் கழித்து ஏற்காட்டில் இருபதாவது வளைவுவரை மூன்றாவது கியரிலும் இரண்டாவதிலுமாக ஏறியது, சைலன்சர் சத்தம் மட்டும்தான் கேட்டது. கிக்கரும் பழையபடி ஒரு உதைக்கு வந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப இறங்கிடுச்சு தம்பி" என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.